மறுபடியும் தட்ட வேண்டிய கதவு

அமெரிக்கத் தேர்தல் என்றால் நம்மவர்களுக்கு நவம்பர்தான் நினைவுக்கு வரும். தெருவில் இறங்கி வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால், கஷ்டமான வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பார்கள். நவம்பரில் பாதி வேலையைக் கட்சிப் பெயரே செய்துவிடும். பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் அந்த வசதி கிடையாது. நிற்கிற மூன்று பேரும் ஒரே கட்சி. பேசுகிற கொள்கையும் பெரும்பாலும் ஒன்றுதான். எதிர்ப்பக்கம் பதாகை பிடித்து நிற்கிறவர் போன மாதம் ஊர்க் கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய வேட்பாளரைத் தோற்கடிக்கவும் வேண்டும், தோற்ற மறுநாள் அவரை நம்மோடு வேலைக்கு வரவழைக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் செய்வதுதான் இந்தத் தொழில்.

நான் இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே 495 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில். பிழைப்புக்கு மென்பொருள் சோதனை. சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை தேர்தல் வேலை. ஆளுநர் பதவிக்கான டெமாக்ரடிக் கட்சிப் பிரைமரியில் 2006இல் டெவல் பேட்ரிக்குக்கும், 2014இல் டொனால்ட் பெர்விக்குக்கும் எங்கள் ஊர்ப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டேன். முன்னவர் வென்றார், பின்னவர் தோற்றார். இந்த மாநில ஆளுநரை யாரும் தலைநகரிலிருந்து அனுப்பிவைப்பதில்லை. நம் முதலமைச்சர் பார்க்கிற வேலையைப் பார்க்க மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிற ஆள் அவர்.

என் அப்பா விருதுநகர்ப் பக்கம் நெடுங்காலம் பூத் ஏஜென்டாக இருந்தவர். வேட்பாளர் பட்டியல் சென்னையிலிருந்து வரும். பெயர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மறுநாள் காலை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கிளம்பிவிடுவார். பிரைமரியைப் பற்றி முதன்முதலில் அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது நம்பவில்லை.

“அப்போ வேட்பாளர் யாருன்னு யாரும்மா முடிவு பண்றது?”

“ஓட்டுப் போடறவங்கதான்ப்பா.”

“கட்சித் தலைமை?”

“ஓரமா நின்னு பாக்கும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வியில்தான் அனுபவம் தெரிந்தது. “சரி, தோத்தவனோட ஆளுங்க மறுநாள் என்ன பண்ணுவாங்க? வேலை செய்வாங்களா, வீட்ல படுத்துக்குவாங்களா?”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு தேர்தல் தேவைப்பட்டது.

2005இல் பேட்ரிக் களமிறங்கியபோது அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. சிகாகோவின் தெற்குப் பகுதியில் வறுமையில் பிறந்து, உதவித்தொகையில் இங்கே மில்டன் அகாடமியில் படித்து, ஹார்வர்டுக்குப் போய், கிளின்டன் காலத்தில் நீதித்துறையில் குடிமை உரிமைப் பிரிவின் தலைவராக இருந்த வழக்குரைஞர். ஒரு தேர்தலில்கூட நின்றதில்லை. எதிரே டாம் ரைலி, மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். கையில் பல மில்லியன் டாலர் நிதி, கட்சிப் பெரியவர்களின் ஆதரவு எல்லாம் அவருக்கு இருந்தன. டுகாக்கிஸ் 1991 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கியதிலிருந்து டெமாக்ரட்டுகள் இந்த மாநிலத்தில் ஆளுநர் நாற்காலியைப் பார்க்கவில்லை. சட்டமன்றம் முழுக்க நம் கையில், ஆளுநர் மட்டும் எப்போதும் ரிபப்ளிகன் என்ற விசித்திரம். அதனால் ‘ஜெயிக்கிற ஆளாப் பாருங்க’ என்பதுதான் எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஆட்கள்.

ஆட்களுக்கு முதல் வேலை கையெழுத்து. ஆளுநர் பதவிக்கான வாக்குச்சீட்டில் பெயர் வர இங்கே பதிவுபெற்ற வாக்காளர்களின் 10,000 கையெழுத்து வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர் அலுவலகம் பட்டியலோடு ஒப்பிட்டுச் சான்றளிக்க வேண்டும். ஒரு தாளில் ஒரே ஊர்க்காரர்கள்தான் கையெழுத்திடலாம். டெமாக்ரட்டுகளும் எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் போடலாம், வேறு கட்சியில் பதிந்தவர் போட்டால் செல்லாது. வாக்காளர் பட்டியலில் எந்த விலாசமோ அந்த விலாசத்தைத்தான் எழுத வேண்டும். வீடு மாறிவிட்டுப் பதிவை மாற்றாதவர்கள் தாளில் புதிய விலாசத்தை ஆசையாக எழுதிவிடுவார்கள், அது அடிபட்டுப் போகும். அதனால் பேனாவை நீட்டுவதற்கு முன் “கடைசியா எந்த ஊர்ல ஓட்டுப் போட்டீங்க?” என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி தெரிந்தவர், தெரியாதவர் என்று தொண்டர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

கையெழுத்துக்கு நல்ல இடம் ஊர்க் குப்பைமேடு. சிரிக்க வேண்டாம். நியூ இங்கிலாந்துச் சிற்றூர்கள் பலவற்றில் குப்பை வண்டி வீட்டுக்கு வராது. சனிக்கிழமை காலையில் ஊரே தன் குப்பையைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே வரும். வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் வாக்காளர்கள், அவசரமும் இல்லாதவர்கள். பேரங்காடி என்றால் பத்து ஊர்க்காரர்கள் கலந்து வருவார்கள், பத்துத் தாளைப் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனாலும் பேரங்காடியில் நிற்க இந்த மாநிலத்தில் நமக்கு உரிமை உண்டு. ஓர் அங்காடி வளாகத்தில் கையெழுத்து வாங்கவிடாமல் தடுக்கப்பட்ட வேட்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், மாநில உச்ச நீதிமன்றம் 1983இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காவலாளி வந்து கையசைத்தால் காட்டுவதற்கு அந்தத் தீர்ப்பின் நகலை எங்கள் வட்டாரப் பொறுப்பாளர் அம்மா கைப்பையில் வைத்திருப்பார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் நகலை எடுத்து நீட்டும் விதத்திலேயே காவலாளிகள் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளாகிவிடுவார்கள்.

அடுத்தது பிப்ரவரியில் காக்கஸ். ஒவ்வொரு ஊரிலும், நகரங்களில் ஒவ்வொரு வார்டிலும், பதிவுபெற்ற டெமாக்ரட்டுகள் கூடி மாநில மாநாட்டுக்குப் பேராளர்களைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம். ஆண் பாதி, பெண் பாதி என்று கணக்கு. பள்ளி உணவுக்கூடமோ நூலக அறையோ, வெளியே பனி, உள்ளே மடக்கு நாற்காலிகள். பேராளராக நிற்கிறவர் எழுந்து சிறிது பேசலாம், பிறகு வாக்கெடுப்பு. மாநிலம் முழுக்கப் பல லட்சம் டெமாக்ரட்டுகள் பதிந்திருந்தாலும் ஒரு சிற்றூர்க் காக்கஸுக்கு வருகிறவர்களை ஒரே மூச்சில் எண்ணிவிடலாம். அங்கே பத்துப் பேரைக் கூடுதலாகக் கூட்டி வருகிறவர் அறையையே கையில் எடுத்துக்கொள்வார்.

ரைலி பக்கத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். நகர்மன்ற உறுப்பினர், பழைய கமிட்டித் தலைவர் என்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர்கள் தொலைபேசியில் வேலையை முடித்துக்கொள்ளப் பழகியவர்கள். நாங்கள் ஜனவரி முழுக்கச் சமையலறைக் கூட்டம் போட்டோம். ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கெட்டில் காப்பி, முடிகிறபோது ஆளுக்கு இரண்டு பெயர். “காக்கஸுக்கு வர முடியுமா?” என்று கேட்டால் எல்லோரும் முடியும் என்பார்கள், “யார் காரில் வர்றீங்க?” என்று கேட்டால்தான் யார் உண்மையிலேயே வருவார்கள் என்பது தெரியும். அந்த மாதம் ஊர் ஊராகக் காக்கஸ் முடிவுகள் வந்தபோது பேட்ரிக் அணி முன்னால் நின்றது. கட்சி மேலிடத்தில் இருந்தவர்கள் எங்கள் அளவுக்கு இதை எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் காக்கஸில் எனக்கு மறக்காதது வெற்றி அல்ல. வாக்கெடுப்பு முடிந்ததும் எங்கள் ஆசிரியை அம்மா எழுந்து, வென்ற இடங்களில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னார். பல ஆண்டுகளாக மாநாட்டுக்குப் போய்வருகிற பழைய கமிட்டிக்காரர் ஒருவர், ரைலி ஆதரவாளர், அந்த முறை தோற்றிருந்தார். மாற்றுப் பேராளர் இடத்துக்கு அவர் பெயரை அம்மாவே முன்மொழிந்தார். எங்களில் இளையவர்களுக்குக் கோபம். அம்மா வெளியே வந்து காரின் பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: “இந்த ஊரில் யார் வீட்டு வாசலில் பதாகை நட இடம் கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். அக்டோபரில் அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?”

ஜூன் முதல் வாரம் வூஸ்டர் நகரின் டிசியூ சென்டர் அரங்கில் மாநாடு. இங்கே ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. 10,000 கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, மாநாட்டுப் பேராளர்களில் 15 விழுக்காட்டினரின் வாக்கும் வேண்டும். அதற்குக் குறைந்தால் செப்டம்பர் வாக்குச்சீட்டில் பெயரே இருக்காது. பேராளர்கள் மாநில செனட் தொகுதிவாரியாக உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது தொகுதிக்கும் எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ரகசிய வாக்கு கிடையாது. பக்கத்தில் இருக்கிறவர் காதில் விழும்படி உங்கள் வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில், காக்கஸெல்லாம் முடிந்த பிறகு, கிறிஸ் கேப்ரியெலி என்ற முதலீட்டாளர் போட்டிக்குள் வந்தார். சொந்தப் பணத்தைச் செலவழிக்கத் தயங்காதவர். தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களில் யாரும் அவருக்காக வந்தவர்கள் இல்லை, ஒவ்வொருவராகப் பேசிப் பேசித்தான் 15ஐச் சேர்க்க வேண்டும். மாநாட்டு அரங்கில் அவருடைய ஆட்கள் எங்கள் வரிசைக்கே வந்து கேட்டார்கள்: “உங்கள் ஆள் எப்படியும் ஜெயிக்கிறார். போட்டியில் இருக்க எங்களுக்கு ஒரு வாக்குத் தரக்கூடாதா?” நியாயமான கேள்விதான். மூன்று பேர் நின்றால் ரைலிக்குப் போகும் வாக்கு பிரியும் என்று கணக்குப் போட்டவர்கள் எங்கள் அணியிலும் இருந்தார்கள். நான் பேட்ரிக் பெயரையே சொன்னேன். ஊரில் எனக்கு வாக்களித்தவர்கள் அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். முடிவில் பேட்ரிக்குக்கு 58 விழுக்காடு, ரைலிக்கு 27, கேப்ரியெலி 15ஐ நூலிழையில் தாண்டினார். மூவரும் செப்டம்பருக்குத் தயார்.

ஜூலை, ஆகஸ்டு இரண்டும் கதவு தட்டுகிற மாதங்கள். வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கட்டுக்கு எங்கள் மொழியில் ‘டர்ஃப்’. எல்லாக் கதவையும் தட்டுவதில்லை. முந்தைய பிரைமரிகளில் வாக்களித்தவர்களின் கதவுக்குத்தான் முதல் மரியாதை. அமெரிக்காவில் நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது ரகசியம். வாக்களித்தீர்களா, எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினீர்கள் என்பது பொதுப் பதிவு. ஒரு கையில் இந்தப் பட்டியல், இன்னொரு கையில் துண்டுப் பிரசுரம், நெற்றியில் வியர்வை, வாசலில் நாய்.

பேசி முடித்ததும் பெயருக்கு எதிரே ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் உறுதியாக நம்மவர், 2 சாய்கிறார், 3 முடிவு செய்யவில்லை, 4 அந்தப் பக்கம் சாய்கிறார், 5 உறுதியாக அந்தப் பக்கம். கேட்க எளிது, போடக் கடினம். நியூ இங்கிலாந்துக்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல மாட்டார்கள். “நல்ல மனிதராகத் தெரிகிறார்” என்று புன்னகையோடு பிரசுரத்தை வாங்கிக்கொள்வார்கள். புதுத் தொண்டர் அதற்கு 1 போட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு வருவார். அது 3, சில நேரம் 4. “உங்கள் வாசலில் பதாகை நடலாமா?” என்று கேட்டுச் சம்மதித்தால்தான் 1. மேலிடத்தை மகிழ்விக்கப் போடுகிற எண், தேர்தல் நாளன்று நம்மையே ஏமாற்றும். 5 என்று நேராகச் சொல்கிறவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். அவர் நம் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

இந்த வேலையில் நான் கற்ற முக்கியமான பழக்கம், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவது. ஏன் 5? ‘ரைலி மாவட்ட வழக்குரைஞராக இருந்த காலத்திலிருந்து பழக்கம், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்’ என்று ஒரு கதவுக்கு எழுதினேன். ‘சொத்துவரிக் கோபம்’ என்று இன்னொரு கதவுக்கு. எண் செப்டம்பர் வரைக்கும் பயன்படும், அந்த ஒரு வரிதான் அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கும்.

பேச என்ன இருந்தது? ஒரே கட்சிக்காரர்களுக்குள் வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே பேச வேண்டும். அந்த ஆண்டு அது வரி. 2000இல் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் மாநில வருமான வரியை 5 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்னார்கள். 2002இல் சட்டமன்றம் அதை 5.3இல் நிறுத்திவிட்டது. மக்கள் சொன்னபடி 5 ஆக்க வேண்டும் என்றார் ரைலி. வருவாய் வளர வளரக் குறைக்கலாம் என்றார் கேப்ரியெலி. பேட்ரிக் குறைக்கக் கூடாது என்றார். தேர்தல் காலத்தில் வரியைக் குறைக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய தொண்டர் வாசலில் நின்று என்ன பேசுவது?

நாங்கள் வருமான வரியில் ஆரம்பிக்கவே மாட்டோம். “உங்கள் வீட்டு வரி எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். கேட்டதும் கதவு முழுசாகத் திறக்கும். இங்கே பள்ளிக்கூடமும் தீயணைப்பும் நடப்பது பெரும்பாலும் ஊரின் சொத்துவரியில். மாநிலம் ஊர்களுக்குத் தருகிற உதவி குறைந்தால் அந்தச் சுமை வீட்டு வரியில் ஏறும். 1980இல் வந்த இரண்டரை விழுக்காடு உச்சவரம்புச் சட்டத்தால், அதற்கு மேல் வசூலிக்க ஊரே வாக்களித்து அனுமதி தர வேண்டும்; அந்த வாக்கெடுப்புகளில் அண்ணன் தம்பிகள்கூடப் பேசாமல் போயிருக்கிறார்கள். ‘ஒரு பையில் மிச்சப்படுத்தி இன்னொரு பையில் பிடுங்குகிறார்கள்’ என்று வீட்டுக்காரரே சொல்லும் வரை காத்திருந்தால், நாம் சொல்ல அதிகம் மிச்சமிருக்காது. நாண்டக்கெட் கடற்பகுதியில் காற்றாலைகள் அமைக்க அப்போது திட்டமிட்டிருந்த கேப் விண்ட் திட்டத்திலும் வித்தியாசம் இருந்தது. பேட்ரிக் ஆதரித்தார், ரைலி எதிர்த்தார். இளம் குடும்பங்களிடம் அதைச் சொல்வோம்.

சொல்லக் கூடாதது ஒன்று உண்டு: அடுத்த வேட்பாளரைப் பற்றிய கெட்ட வார்த்தை. சிறிய கேலிகூட வேண்டாம். ஒரு கல்லூரி மாணவர் ரைலியைப் பற்றிய நகைச்சுவை ஒன்றைக் கதவுக்குக் கதவு சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருந்தார். ஆசிரியை அம்மா அவரைத் திட்டவில்லை. மறுநாள் அவரை ரைலியின் பதாகை நட்ட வீடுகளுக்கு மட்டும் அனுப்பினார். மாலையில் பையன் வேறு ஆளாகத் திரும்பினான். “அவங்க எல்லாரும் நம்ம பள்ளி வரிக்கு ஓட்டுப் போட்டவங்களா இருக்காங்க” என்றான்.

நம் மக்களிடம் போனபோது வேறு சிக்கல். ஆஷ்லாந்து ஸ்ரீலக்ஷ்மி கோயில் உணவுக்கூடத்தில் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்தால் மாநிலத்தின் தமிழர்களில் கணிசமானவர்களைப் பார்த்துவிடலாம். ஆனால் கோயில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு. கட்சி வேலைக்கு அதை மேடையாக்கக் கூடாது. அங்கே பேசாமல் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலிருந்து அழைப்பேன். “நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? நம்ம வேலை உண்டு, நம்ம பிள்ளைங்க படிப்பு உண்டு” என்பார் ஒரு மாமா. “அந்தப் படிப்புக்குப் பணம் ஒதுக்கறவரைத்தான் மாமா இப்போ தேர்ந்தெடுக்கறோம்” என்பேன். பாதிப் பேருக்கு வாக்குரிமை வரவில்லை, பணி விசாவில் இருந்தார்கள். அவர்கள் பணம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, சம்பளம் வாங்காமல் உழைக்கத் தடையில்லை. உறை ஒட்டுவதிலும் பட்டியல் ஒழுங்குபடுத்துவதிலும் அந்தப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. வாக்குரிமை உள்ளவர்களில் பலருக்கோ ஒரு தவறான எண்ணம்: கட்சியில் சேராமல் பிரைமரியில் வாக்களிக்க முடியாது என்று. இந்த மாநிலத்து வாக்காளர்களில் அப்போதே ஏறத்தாழ பாதிப் பேர் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். அவர்கள் வாக்குச்சாவடியில் விரும்பிய கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோடையில் என் வாயிலிருந்து அதிகம் வந்த வாக்கியம் இதுதான். பேட்ரிக்கின் பெயர்கூட இரண்டாம் இடம்.

மாசசூசெட்ஸில் ‘டியர் ஃபிரெண்ட்’ அட்டை என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. வேட்பாளர் படம் போட்ட அஞ்சலட்டையில் ஆதரவாளர் தன் கைப்பட, தனக்குத் தெரிந்தவருக்கு நான்கு வரி எழுதிக் கையொப்பமிடுவார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு எல்லாம் தபாலில் சேரும். அச்சடித்த பிரசுரம் நேராகக் குப்பைக்குப் போகும். தெரிந்த கையெழுத்தை யாரும் படிக்காமல் போட மாட்டார்கள். நான் தமிழர்களுக்குத் தமிழிலேயே எழுதினேன். தமிழில் வந்த தேர்தல் தபாலைப் பார்த்துவிட்டுச் சிலர் அழைத்தது அட்டையில் எழுதியதைப் பற்றிப் பேச அல்ல, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்க. வந்த அழைப்பை வீணாக்குவேனா?

தொலைக்காட்சியில் கேப்ரியெலியின் விளம்பரங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. அப்போது ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் தர முடியாது; சொந்தப் பணத்துக்கு அந்த வரம்பில்லை. எங்கள் தரப்பில் பிரசார மேலாளர் ஜான் வால்ஷ், ஊர் ஊராகத் தொண்டர்களைக் கட்டுவதில் நம்பிக்கை உள்ளவர். செப்டம்பர் 19 காலை 7 மணிக்கு வாக்குச்சாவடிகள் திறந்தபோது அந்த நம்பிக்கைக்குப் பரீட்சை.

முன்கூட்டியே வாக்களிக்கிற வசதி இந்த மாநிலத்தில் அப்போது இல்லை. காலை 7 முதல் இரவு 8 வரை, அந்த 13 மணி நேரம்தான் எல்லாம். சாவடியிலிருந்து 150 அடிக்குள் பதாகை கூடாது. அப்பா கேட்டால் சிரிப்பார், அவருக்கு 100 மீட்டர். உள்ளே நடப்பதில் பெரிய வித்தியாசமில்லை. வாக்காளர் தெருவையும் பெயரையும் சொல்வார், அலுவலர் உரக்கத் திருப்பிச் சொல்வார், பின்னால் உட்கார்ந்திருக்கிற எங்கள் ஆள் பட்டியலில் கோடு போடுவார். மதியத்துக்கு மேல் ஓட்டக்காரர் ஒருவர் வந்து பட்டியலை வாங்கிப்போவார். வராத 1களுக்கும் 2களுக்கும் தொலைபேசி, எடுக்காதவர்களுக்குக் கதவு. 3க்கும் அதற்கு மேலும் அன்று பேச்சே கிடையாது. மாதக்கணக்கில் போட்ட எண்கள் சரியா தவறா என்பதை மாலை ஐந்து மணிக்கு வருகிற வரிசை சொல்லிவிடும்.

அன்றிரவு பேட்ரிக் ஏறத்தாழ 50 விழுக்காடு, கேப்ரியெலி 27, ரைலி 23. மாநிலம் முழுக்க நாலரை லட்சம் பேர் தேர்தலிலேயே நின்றிராத ஒருவருக்கு வாக்களித்திருந்தார்கள். நவம்பர் 7க்கு ஏழே வாரம். துணை ஆளுநருக்கான பிரைமரி தனியாக நடந்து வூஸ்டர் மேயர் டிம் மர்ரி வென்றிருந்தார். பிரைமரியில் தனித்தனியாக நின்றவர்கள் நவம்பரில் ஒரே சீட்டாக நிற்க வேண்டும் என்பது இங்கே சட்டம். தொண்டர்களுக்கு அப்படிச் சட்டம் போட முடியாது.

அந்த வாரமே ஆசிரியை அம்மா பட்டியலைத் திரும்ப எடுத்தார். இந்த முறை 4களும் 5களும். எண்ணைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் எழுதிய வரியைப் பாருங்கள் என்றார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கதவை நானே தட்டினேன். “ஜெயித்துவிட்டீர்கள், இன்னும் என்ன?” என்றார். ரைலியைப் பற்றி அவர் ஜூலையில் எனக்குச் சொன்ன ஒரு வழக்கின் கதையை நினைவுபடுத்தி, அதன் முடிவைக் கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார். பிறகு, “ரைலி இவரை ஆதரிக்கச் சொல்லிவிட்டார். பதாகை இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்றார். காக்கஸில் மாற்றுப் பேராளரான பழைய கமிட்டிக்காரர் ஒரு காகிதத்தில் தெரு வரைபடம் போட்டு, எந்தெந்த வாசலில் கேட்கலாம் என்று குறித்துத் தந்தார். நவம்பரில் பேட்ரிக் ஏறத்தாழ 56 விழுக்காட்டோடு வென்றார். மாசசூசெட்ஸின் முதல் கறுப்பின ஆளுநர். நாட்டில் தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது கறுப்பினத்தவர். வால்ஷ் அடுத்த ஆண்டே மாநிலக் கட்சித் தலைவரானார்.

இதுவரை சொன்னது வென்றவர் கதை. வென்றவருக்குப் பெருந்தன்மை எளிது. 2014இல் நான் மற்றப் பக்கத்தில் நின்றேன்.

டொனால்ட் பெர்விக் குழந்தை மருத்துவர். ஒபாமா காலத்தில் மெடிகேர், மெடிகெய்ட் அமைப்பை நடத்தியவர். எல்லோருக்கும் அரசே ஒற்றைக் காப்பீடு, சூதாட்ட விடுதிகள் வேண்டாம் என்ற இரண்டையும் தயங்காமல் சொன்னவர். மறுபடி வூஸ்டர், மறுபடி 15 விழுக்காடு. ஐந்து பேரில் இருவர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. முந்தின நாள் வரை கதவு தட்டிய அவர்களுடைய ஆட்கள் அரங்கின் பின்வரிசையில் பதாகைகளை மடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாநாட்டில் மாநிலக் கருவூலர் ஸ்டீவ் கிராஸ்மன் 35 விழுக்காட்டோடு முதலிடம். அட்டர்னி ஜெனரல் மார்த்தா கோக்லி 23, நாங்கள் 22. செப்டம்பர் 9 பிரைமரியில் கதை மாறியது. கோக்லி 42, கிராஸ்மன் 36, நாங்கள் 21. மாநாட்டு அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு, சாவடிக்கு வருகிறவர்கள் வேறு என்பதைக் கிராஸ்மன் அணிக்கு அந்த இரவு சொன்னது.

அப்பா கேட்ட கேள்வி எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டது. மறுநாள் எங்கள் குழுவில் மூன்று விதமான ஆட்கள். சிலர் வேலை செய்யக் கிளம்பினார்கள். சிலர் வாக்கு மட்டும் போடுகிறோம் என்றார்கள். சிலர் கோபத்தில் நவம்பரில் வீட்டிலேயே இருப்போம் என்றார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று கவனித்தேன். கொள்கைப் பிடிப்பின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோடையில் கோக்லி ஆட்களிடம் ஏளனம் பட்டவர்களும், தாங்களே அவர்களை ஏளனம் செய்தவர்களும்தான் வீட்டில் தங்கினார்கள். குத்தியவருக்கும் குத்து வாங்கியவருக்கும் ஒரே முடக்கம். எனக்குக் கோக்லியின் ஊர்ப் பொறுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது, பேச்சு இரண்டே வரி: “காப்பி சாப்பிட வர்றீங்களா? உங்க ஒற்றைக் காப்பீட்டு ஆளுங்ககிட்ட நான் என்ன சொல்லக் கூடாதுன்னு சொல்லித் தாங்க.” என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். என் பட்டியலோடு போனேன்.

நவம்பரில் ரிபப்ளிகன் சார்லி பேக்கர் சுமார் 40,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 351 ஊர்கள் உள்ள மாநிலம். ஊருக்குச் சராசரியாக 114 வாக்கு. இந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. பேக்கர் டெமாக்ரட்டுகளுக்கும் பிடித்த வேட்பாளர். ஆனாலும் 114 என்பது தெருவில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அளவு. வீட்டில் தங்கிவிட்ட தொண்டர்களும், அவர்கள் தட்டாமல் விட்ட கதவுகளும் சேர்ந்தால் அவ்வளவு வரும்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் பயிற்சி தருகிறேன். கையெழுத்துத் தாளை எப்படிப் பிடிப்பது, எண் எப்படிப் போடுவது, நாய் இருந்தால் எங்கே நிற்பது எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். நேரம் எடுப்பது வேறு பயிற்சி. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவரை எதிரணி ஆதரவாளராக நடிக்கச் சொல்வேன். வாக்குக் கேட்பவர் இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி வேட்பாளரிடம் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். பலருக்கு வாய் வராது. ஒரு பெண், கெட்டிக்காரி, எரிச்சலோடு கேட்டாள்: “அக்கா, ஜெயிக்கறதுக்கு இது எதுக்கு? அப்படி அவரைப் பிடிச்சிருந்தா நான் ஏன் இவருக்கு வேலை செய்யப் போறேன்?”

“செப்டம்பர்ல உன் ஆள் ஜெயிச்சா இது உனக்குத் தேவை. தோத்தா இன்னும் அதிகமாத் தேவை” என்றேன். அவள் கொஞ்ச நேரம் வேட்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, எதிரணிக்காரரின் போக்குவரத்துத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சத்தைக் கண்டுபிடித்தாள். பிறகு அதைவிடத் தன் ஆளின் திட்டம் ஏன் மேல் என்று விளக்க ஆரம்பித்தாள். அன்றைய பயிற்சியில் அதைவிட நல்ல வாக்குச் சேகரிப்பை யாரும் பேசவில்லை. மறுநாளே அவளிடம் ஒரு டர்ஃப் கொடுத்தேன், 5கள் அதிகமுள்ள தெருவாகப் பார்த்து.